கிளிப்பச்சை மட்டும்

— எல்லாரையும் கருப்பு வெள்ளை ஆக்கிடணுமா கஜபதியண்ணா? அண்ணி, புள்ளைங்க, உங்க நைனா, அம்மா, எல்லாரையுமா?

— ஆங், எல்லாரையும்தான் பெபிம்மா. என்னையும் சேத்து. பின்னால தூணாண்ட பச்சைப் பொடவையில ஒருத்தி நிக்கிறா பாரு. அவ மட்டும் கலர்ல இருக்கணும்.

— இவங்களா? கூட்டத்துல யாரோன்னு இல்ல நெனச்சேன். மூஞ்சிகூட பாதிதான் தெரியுது.

— என் தங்கச்சி. மோனிஷா.

— உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா? நம்ம ஸ்டூடியோவுக்கு எவ்ளோ நாளா வரீங்க, ஒரு வாட்டிகூட சொன்னதில்லியே.

— ஊட்ல அவ பேர எடுக்கக் கூடாது. வேற ஜாதிப் பையனக் கட்டிகினு போயிட்டா. போட்டோ ஒண்ணு விடாம நைனா அடுப்புல போட்டாரு. போன்ல இருந்தத என் கையாலயே அழிக்க வெச்சாரு.

— இப்போ எங்க இருக்காங்க?

— எங்க, தோ, ஆர்.கே.பேட்டைல. அவன் பவர்லூம் ஓட்றான். நம்ம ஸ்டாண்டுலேர்ந்து பஸ்ஸு போய்கினேதான் கீது. போர்டப் பாப்பேன். ஏற மாட்டேன்.

— அப்புறம் இந்தப் போட்டோல எப்படிண்ணா வந்தாங்க?

— கிருத்திகைக்கு மலைக்குப் போனோம்ல. கோயில் வாசல்ல எல்லாரும் நின்னு எடுத்துகினோம். அப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது. ஊட்டுக்கு வந்து பாத்தா, பின்னால நின்னு எங்களையே பாத்துகினு கீறா. அந்தக் கிளிப்பச்சைப் பொடவ நான் எடுத்துக் குடுத்தது, அவ காலேஜ் முடிச்சப்போ. அத வெச்சிதான் அடையாளம் தெரிஞ்சுது.

— பெருசா போட்டு சட்டம் மாட்டித் தரட்டுமா?

— ஐய, வாணாம். போன்லயே இருக்கட்டும். இத்தினி பேருக்கு நடுவுல அவளத் தேடித் தேடி கண்ணு நோவுதும்மா. தொறந்த ஒடனே அவ தெரிஞ்சா போதும்.

— சரிண்ணா. பொடவ மேல ஒரு கிளிக். இந்தப் பச்சைய விட்டுட்டு மத்த கலர எல்லாம் எடுத்துடும். பாருங்க.

— அடடா... மலை மேல அவ ஒருத்திதான் நிக்கிற மாதிரி கீது.

— இருங்க, ஓரத்துலயும் துளி பச்சை நின்னுடுச்சு. அதே பச்சைதான், அதான் விட்டுடுச்சு. அழிச்சிடறேன்.

— அழிக்காத, அழிக்காத! இன்னா அது?

— கொழந்தைண்ணா. ஒருத்தர் தோள் மேல உக்காந்திருக்குது. அது போட்டிருக்கற கவுனு.

— தூக்கி வெச்சிகினு கீறான் பாரு, அவன்தான் மோனிஷா புருஷன்.

— அப்போ இது அவங்க கொழந்தை. உங்களுக்குத் தெரியாதாண்ணா?

— எனக்கு யாரும்மா சொல்லுவாங்க? அந்தக் கவுனப் பாரேன். பொடவையோட வந்த ரவிக்கைத் துணி அது. தெக்காம வெச்சிருந்து புள்ளைக்கு வெட்டித் தெச்சிருக்கா. கலரு எல்லாத்தையும் திருப்பிக் கொண்டா. தலையப் பாக்கணும்.

— மொட்டைண்ணா. சந்தனம் பூசியிருக்காங்க.

— மொத மொட்டை. தாய்மாமன் எடுத்த துணி போடணும், தாய்மாமன் மடியில வெச்சி எடுக்கணும். துணிக்கு எப்படியோ வழி பண்ணிட்டா. மடிக்கு எங்க போவா? கொஞ்சம் தள்ளி நின்னுகினு நான் போட்டோவுக்கு சிரிச்சிகினு கீறேன், பாரு என் மூஞ்சிய.

— அண்ணா... தண்ணி குடிங்க.

— வாணாம். இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணு. காதுகிட்ட போ.

— இதுக்கு மேல போனா கட்டம் கட்டமா ஒடையும்.

— ஒடையட்டும். தோடு கீதா?

— இல்லண்ணா. வெறுங்காதுதான். இன்னும் குத்தல.

— நல்லாப் பாத்து சொல்லு.

— ரெண்டு காதும் தெரியுதுண்ணா. குத்தவே இல்ல.

— அப்போ மடி நான் குடுக்கறேன்.

— உங்க நைனா கேட்டா இன்னா சொல்லுவீங்க?

— அவரு கேக்கறது இன்னா, நானே போய்க் கேக்கறேன்: நைனா, உன் பேத்திக்குக் காது குத்தப் போறேன், நீ வரியா, இல்ல நான் மட்டும் போவட்டுமா?