பாதிக் கோப்பும் முழுக் கட்டிலும்

எனக்குச் சண்டை என்றாலே ஒவ்வாது ஐயா. பேருந்தில் என் காலை யாராவது மிதித்தால்கூட நான்தான் மன்னிப்புக் கேட்பேன்.

நம் கம்பெனியின் மருத்துவமனைக் கட்டில் பொத்தானை அழுத்தினால் நிமிரும், படுக்கும். அதன் மோட்டாருக்கென்று ஃபர்ம்வேர் என்ற சிறு நிரல் இருக்கிறது. கட்டிலை இயக்கியதும் அதன் கணினியின் மைய நிரலான கர்னல் அந்த ஃபர்ம்வேர் கோப்பை எடுத்து மோட்டாரிடம் சேர்க்க வேண்டும். அந்தப் பகுதியை எழுதியவன் நான். அதைச் சோதிக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சோதனை நிரலை எழுதியவள் என் மனைவி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அவளுடைய ஸ்கிரிப்டில் ஃபங்ஷன் என்ற சிறு நிரல் துண்டுகள் உண்டு; அவற்றில் ஒன்று போலி ஃபர்ம்வேர் தயாரிக்கும். இன்னொன்று அதைப் பாதியாக வெட்டிக் கொடுத்துப் பார்க்கும். பாதிக் கோப்பை என் நிரல் மறுக்க வேண்டும். மறுக்கவில்லை. தினமும் சோதனை அறிக்கையில் 'தவறியது' என்று சிவப்பு. மச்சினன் சாப்பிட வந்த அன்று, பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "இவரு எழுதுற புரோகிராம் எதைக் கொடுத்தாலும் முழுங்கிடும்டா. இவரை மாதிரியேதான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

சோதனைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் ஃபங்ஷன் ஒன்று உண்டு. இல்லையென்றால் 'ஸ்கிப்' என்று சொல்லி ஒதுங்கிவிடும். மறுநாள் அவள் எழுந்துபோன நேரத்தில், அவளுடைய கணினியிலேயே, அது எப்போதும் 'இல்லை' என்று சொல்லும்படி ஒரு வரி சேர்த்தேன். ஸ்கிப் என்றால் தேறவுமில்லை, தவறவுமில்லை. அதில் பொய்யே கிடையாது. மேலாளரோ சிவப்பை மட்டுமே பார்ப்பவர். நிரலைத் திருத்திவிட்டதாக அவளிடம் சொன்னேன். சந்தோஷமாகத் தோளில் தட்டிக்கொடுத்தாள்.

கண்காட்சியில் முதலாளியின் மாமனார் நம் கட்டிலில் படுத்துக் காட்டினார். கோப்பு பாதிதான் வந்தது. கட்டில் அவரைப் புத்தகம் போல மூடியது. விலா எலும்பில் விரிசல்தான். மனிதர் இப்போது நன்றாகவே திட்டுகிறார்.

விசாரணையில் பணியாளர் அதிகாரியாக நீங்களும் இருந்தீர்கள். அந்த வரியைச் சேர்த்தவர் என்று அவள் பெயர்தான் பதிவாகியிருந்தது. என் பக்கம் திரும்பி, "நான் இதை எழுதலைங்க. நீங்களாவது சொல்லுங்களேன்" என்றாள். நான் தண்ணீர் குடித்தேன். அவள் வேலை போயிற்று.

இப்போது வீட்டில் இருக்கிறாள். அன்று தன் இடத்தில் யார் உட்கார்ந்தது என்று தினமும் வேறு வேறு விதமாகக் கேட்கிறாள். நல்ல சோதனைக்காரி, விடமாட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆமாம், சேர்த்தவன் நான்தான். அவளை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் உங்கள் காலில் விழுந்து கெஞ்சியதால்தான் எடுத்தீர்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். மனைவிக்குப் புருஷன்மேல் நம்பிக்கை இருந்தால்தானே ஐயா குடும்பம்.