நோட்டில் ஒரு காலி வரி

கல்மண்டபம் பஸ் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள். ஒருவன் கையில் நீள நோட்டு. மற்றவன் ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் வைத்திருந்தான்.

“அன்னிக்குக் கடலு எவ்ளோ சூடா இருந்துச்சுன்னு நீயே ஒண்ணு எழுதிக்கோ” என்றான் பாட்டில்காரன்.

“பாக்காம எப்படிடா எழுதறது?”

“முந்தின நாளு அளவு கீது, மறுநாளு அளவு கீது. நடுவுல ஒண்ணு போடு. வருசம் பூரா தினமும் எழுதிக்கினு, ஒரு நாளுக்காகப் புரொபசர்கிட்ட இன்னாத்துக்குத் திட்டு வாங்கற?”

“வாங்கிக்கிறேன்.”

“அன்னிக்கு எங்கதான் போன?”

“ஹார்பருக்கு. எதிர் வூட்டு கதீஜா குடும்பத்தோட பினாங்குக்குக் கப்பல் ஏறுச்சு. கப்பல் மறையற வரைக்கும் தண்ணிகிட்டயேதான் நின்னுகினு இருந்தேன். தெர்மாமீட்டரு ஜோபியிலதான் இருந்துச்சு. எடுக்கவே தோணல.”

“நீ வந்தது அதுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

பஸ் வந்தது. வரிசை நகர்ந்தது. பாட்டில்காரன் விடவில்லை.

“காலியா விட்டா இன்னா காரணம்னு கேப்பாரே.”

“நான் வரலன்னு சொல்லிடறேன். கதீஜா போன நாளுன்னு எங்கிட்ட கீறது அந்தக் காலி வரி ஒண்ணுதான். அதுலயும் ஒரு பொய்ய எழுதச் சொல்றியா?”