வலப்பக்க என்ஜின்

— கையை எதுக்கு இன்னும் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே வெச்சிருக்கீங்க? வந்து அரை மணி நேரம் ஆச்சு. நல்லா உக்காருங்க.

— உக்காந்துதானே இருக்கேன் டீச்சர்.

— இதுக்குப் பேரு உக்காரறதா? நாற்காலி நுனியில தொத்திக்கிட்டு, சொந்த வீட்டுலயே விருந்தாளி மாதிரி. பெட்டியையும் வாசல்லயே விட்டுட்டு வந்துட்டீங்க.

— பாப்பா எங்கே?

— நீச்சல் கிளாஸுக்குப் போயிருக்கா. நாலு மணிக்குத்தான் வருவா. அதுக்குள்ள சொல்லி முடிச்சிடுங்க. அவ வரும்போது உங்க மூஞ்சி இப்படி இருக்கக் கூடாது.

— பெயில்.

— அது தெரியுது. பாஸான மனுஷன் அங்கேயிருந்தே போன் பண்ணியிருப்பாரே. எப்படின்னு கேக்கிறேன். பதினெட்டு வருஷம் விமானம் ஓட்டினவரை வேலைக்கு எடுக்கிற பரீட்சையில எப்படிங்க பெயிலாக்குவாங்க?

— அவங்க ஆக்கலை. நானே ஆயிக்கிட்டேன்.

— சுத்தி வளைக்காதீங்க. இந்தாங்க, தண்ணி. குடிச்சிட்டுச் சொல்லுங்க.

— நீதான் ஒரு தடவை வந்து பாத்திருக்கியே, சிமுலேட்டர். கால் முளைச்ச பெரிய டப்பா. உள்ளே போனா நிஜ விமானத்தோட முன்பக்கம் அப்படியே இருக்கும். ரெண்டு ரெண்டு பேரா உள்ளே விட்டாங்க. எனக்குக் கிடைச்சது ஒரு வழுக்கைத் தலைக்காரர். அவரும் நம்மளை மாதிரிதான், கம்பெனி மூடி ஒரு வருஷம் வீட்டுல இருக்கிறவர். நல்ல மனுஷன். கை குலுக்கினப்பவே அவர் உள்ளங்கை ஈரமா இருந்துச்சு.

— உங்க கை?

— என் கையும்தான். ரெண்டு பேரும் பேன்ட்டுல துடைச்சுக்கிட்டோம். சிரிச்சோம். கிளம்பற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. பதினாலு மாசம் தொடாத கை மாதிரியே இல்லை. தூக்கினேன், ஏறிச்சு. ஆயிரம் அடி கூட ஆகலை, மணி அடிச்சுது. என்ஜின்ல தீ.

— அதான் தெரிஞ்ச விஷயமாச்சே. உங்களுக்கு முன்னாடி இதே பரீட்சை எழுதின மீசைக்காரர் அனுப்பின நோட்ஸ்லயே இருந்துச்சே. என்ஜின்ல தீ வரும், பதறாதீங்க, நிதானமா அணைங்கன்னு.

— நோட்ஸ்ல இருந்தது வலது என்ஜின். வந்தது இடது.

— அதனாலென்ன? எந்தப் பக்கம்னு எதிர்ல எழுதிக் காட்டுமே.

— காட்டிச்சு. கொட்டை எழுத்துல காட்டிச்சு. என் கண்ணு இடதுன்னு படிச்சுது டீச்சர். நான் பொய் சொல்லலை, படிச்சுது. வாய் வலதுன்னு சொல்லுச்சு. கை வலதுக்குப் போச்சு.

— நிறுத்தினீங்களா?

— நல்லா ஓடிக்கிட்டிருந்த என்ஜினை நிறுத்திட்டேன்.

— அய்யோ. கூட இருந்தவர் என்ன பண்ணிக்கிட்டிருந்தார்? நான் இங்கே தினமும் உங்களுக்குச் சொல்லுவேனே. நீங்க கையை வெச்சுக்கிட்டு ‘வலது என்ஜின், சரியா?’ன்னு கேப்பீங்க, நான் பாத்துட்டு ‘சரி’ன்னு சொன்னாத்தான் தொடுவீங்க.

— அதேதான். ஒருத்தன் தப்பு பண்ணா இன்னொருத்தன் பிடிக்கணும்னுதானே ரெண்டு பேரை உக்கார வெக்கிறாங்க. நானும் கேட்டேன். ‘வலது என்ஜின், சரியா?’

— அவர்?

— ‘சரி’ன்னார். பளிச்சுன்னு சொன்னார். அவரும் அதே நோட்ஸைத்தானே படிச்சிட்டு வந்திருக்கார்.

— அப்புறம்?

— ஒரு பக்கம் எரியுது, இன்னொரு பக்கத்தை நான் அணைச்சிட்டேன். புரிஞ்சப்போ கீழே கட்டடமெல்லாம் பெருசா வந்துடுச்சு. அப்புறம் திரை சிவப்பாகி அப்படியே நின்னுடுச்சு. ஒரு கீறல் கிடையாது யாருக்கும். ஏசி ஓடற சத்தம் மட்டும் கேட்டுச்சு. பின்னாடி நூத்தி எழுபது பேர் உக்காந்திருக்கிற மாதிரி நான் திரும்பிப் பாத்தேன்.

— பரீட்சை வெச்சவர் திட்டினாரா?

— திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். விளக்கைப் போட்டுட்டு, காபி சாப்பிடறீங்களான்னு கேட்டார்.

— அந்த மீசைக்காரன் வாயில மண்ணு விழ. இனிமே அவனுக்கு ‘ர்’ எல்லாம் கிடையாது. அவன் பாஸாகி ஜம்முனு வேலைக்குப் போய்ச் சேர்ந்துட்டான். பின்னாடி வர்றவங்களை விழ வெக்கிறதுக்குன்னே எழுதியிருக்கான்.

— சும்மா இரு. அவருக்கு வந்தது வலது. வந்ததை எழுதினார்.

— உங்களுக்கு எல்லாரும் நல்லவங்க. அவன் வேணும்னேதான் பண்ணியிருக்கான். கூடவே இருந்து குழி பறிக்கிறவனெல்லாம் மனுஷனா? அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கு, பிள்ளை இருக்கு. எப்படிங்க சோறு இறங்கும் அவனுக்கு?

— டீச்சர், கேளு. நோட்ஸ் ஊரெல்லாம் சுத்துதுன்னு பரீட்சை வெக்கிறவருக்குத் தெரிஞ்சிருக்கு. அதனால மாத்திட்டார். இந்த வாரம் போன அத்தனை ஜோடிக்கும் இடதுதான். எங்களுக்கு முன்னாடி ஒரு ஜோடி போச்சு, அவங்களுக்கும் அதேதான்னு எல்லாம் முடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது. அதுல ஒருத்தர் லிஃப்ட்ல அழுதார். என்னைவிட வயசானவர்.

— நான் என்ன பண்ணேன் பாருங்க. பள்ளிக்கூடத்துல கெஸ் பேப்பரைக் கட்டிக்கிட்டு அழற பசங்களை நிக்க வெச்சுத் திட்டறவ நான். கேள்வியைக் கொஞ்சம் மாத்திப் போட்டா முழிப்பீங்கடான்னு சொல்றவ. வீட்டுல புருஷனுக்கு அதையேதான் பண்ணியிருக்கேன்.

— நீ என்ன பண்ணே?

— இதே மேஜைதானே? உப்பு ஜாடி இடது என்ஜின், சர்க்கரை ஜாடி வலது என்ஜின். மூணு வாரம், காலையில ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு தடவை. ஒரு நாளாவது உப்பு ஜாடியைச் சொன்னேனா? காபி கலக்கும்போது கூட நீங்க சர்க்கரை ஜாடி மேல கையை வெச்சுக்கிட்டு என்னைப் பாப்பீங்க. பாப்பாகூட ‘சரி’ன்னு சொல்லிட்டு ஓடுவா. நான் சிரிச்சுக்கிட்டு நின்னேன்.

— உன்னால இல்லை. என் தொழில் அது. எதிர்ல எழுதியிருக்கிறதைப் படிக்கிறது என் தொழில்.

— சாப்பிட்டீங்களா ஏதாவது?

— வேணாம்.

— நேத்துலேர்ந்து?

— வேணாம்னு சொல்றேன்ல.

— சரி. இனிமே என்ன? வேற எங்கேயாவது எழுதிப் போடலாமா? அந்தத் தீவு நாட்டு விமானக் கம்பெனிக்காரங்க ஆள் கேட்டாங்களே.

— அவங்களே அவங்க ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உலகம் பூரா பார்க்கிங்லதான் நிக்குது விமானம். இருபத்தெட்டாம் தேதியோட இந்த ரக விமானத்துக்கான என் அனுமதி முடியுது. அதுக்குள்ள யாராவது எடுத்துக்கிட்டா, அவங்களே புதுப்பிச்சுத் தருவாங்க. முடிஞ்சுபோன ஆளை எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். அனுமதியோட இருக்கிறவனே ஆயிரக்கணக்குல வரிசையில நிக்கிறான்.

— அப்போ இதோட...

— இதோட. நாப்பத்தாறு வயசுல. எனக்கு வேற எதுவும் தெரியாது டீச்சர். போன மாசம் டிரைவர் வேலை கேட்டுப் போனப்போ அந்தக் கொரியர் வேன்காரன்கூட, நீங்க பைலட்டு சார், ரெண்டு நாள்ல ஓடிப் போயிடுவீங்கன்னு சொல்லிட்டான். பாப்பா ஸ்கூல் பாரத்துல அப்பா தொழில்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதறதுன்னு பிளைட்டுல பூரா யோசிச்சுக்கிட்டே வந்தேன்.

— அழறதுன்னா அழுதுடுங்க. இங்கே யாரும் இல்லை.

— வர மாட்டேங்குது.

— மறுபடி ஒரு சான்ஸ் தர மாட்டாங்களாமா? ஒரே தடவைதானா?

— தருவாங்க. பெயிலானவங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒரு நாள் ஒதுக்கியிருக்காங்க. ஆனா அது சும்மா பேச்சுக்கு. அவங்களுக்கு இன்னும் ரெண்டே ரெண்டு கேப்டன்தான் வேணும். நாளன்னைக்கு நம்ம பொடியனும் அவன் ஜோடியும் உள்ளே போறாங்க. ரெண்டு பேரும் பாஸானா கதை முடிஞ்சுது. வெள்ளிக்கிழமையே கிடையாது.

— பாஸாகலைன்னா?

— ஆவாங்க. பொடியன் கெட்டிக்காரன். எனக்குக் கீழே ஆறு வருஷம் பக்கத்து ஸீட்டுல உக்காந்தவன். போன வருஷம்தான் கேப்டனாகி அவன் தோள்ல நாலாவது பட்டை ஏறிச்சு, பாவம், நாப்பது நாள் கூடப் போட்டுக்கலை, கம்பெனி மூடிடுச்சு. விஷயம் தெரிஞ்சா ஊதித் தள்ளிடுவான்.

— தெரியலைன்னா?

— தெரியாம எப்படி? நான் சொல்லப் போறேனே. எங்க தொழில்ல இருக்கிற ஒரே மரியாதை அதுதான். ஒருத்தன் எங்கே விழுந்தானோ அதை அடுத்தவனுக்குச் சொல்லிடணும். வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சா இன்னொருத்தன் அங்கேயே விழுவான். அதுலயும் இவனுக்கு நான் பட்ட கடன் வேற. நேத்து நான் போன தேதி அவனோடது. உங்க அனுமதி முடியப் போகுது, நீங்க முன்னாடி போங்க கேப்டன்னு விட்டுக் கொடுத்தான்.

— தெரியும்.

— நான் கட்டிலை விட்டு எழுந்திருக்காம கிடந்தப்போ தினமும் வந்து இழுத்துக்கிட்டு நடக்கப் போனான்.

— தெரியும்ங்க. நான்தானே கதவைத் திறந்து விட்டேன்.

— என்ன, திடீர்னு எழுந்துட்டே?

— ஒண்ணுமில்லை. பாலை அடுப்புல வெச்ச ஞாபகம். நான் போய்ப் பாத்துட்டு வரேன்.

— போன் அடிக்குது பாரு. என்னோடதுதான். அவனாத்தான் இருக்கும், காலையிலேர்ந்து ஏழு தடவை பண்ணிட்டான்.

— எடுங்க.

— முடியலை. கேப்டன்னு கூப்பிடுவான். அந்த வார்த்தையை இன்னைக்கு என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியாது. நீயே சொல்லிடு. நான் குளிச்சிட்டு வரேன், உடம்பெல்லாம் அந்த ரூம் வாசனை அடிக்குது. நான் பெயில்னு சொல்லு, பரவாயில்லை. நோட்ஸைத் தூக்கிப் போடச் சொல்லு. இடதுன்னு சொல்லு. இல்லை, இடதுன்னும் மனசுல வெச்சுக்க வேணாம், எதிர்ல எழுதியிருக்கிறதைப் படிக்கச் சொல்லு. வாய்விட்டுப் படிக்கச் சொல்லு.

— சொல்றேன். நீங்க போங்க. துண்டு கதவுக்குப் பின்னாடி இருக்கு.

— மறக்காம.

— சொல்றேன்னு சொன்னேன்ல. போங்க... ஹலோ, சொல்லுங்க தம்பி.

— அண்ணி, நீங்களா? கேப்டன் வந்துட்டாரா? நான் பண்ணிப் பண்ணி ஓஞ்சு போயிட்டேன். எனக்குப் பக்குபக்குன்னு இருக்கு அண்ணி.

— வந்துட்டார் தம்பி. குளிச்சிக்கிட்டிருக்கார்.

— எப்படிப் போச்சாம்?

— ரிசல்ட்டு இன்னும் சொல்லலையாம். மெயில்ல வருமாம். நல்லாத்தான் பண்ணியிருக்காராம்.

— அப்பாடா. நான் இங்கே வேண்டிக்கிட்டே இருந்தேன் அண்ணி, பொய்யில்லை. ரெண்டு ஸீட்டு இருக்கு, அவர் ஒண்ணு, நான் ஒண்ணு. மறுபடி ஒண்ணா ஓட்டுவோம் பாருங்க. நான் இப்ப அங்கே வரட்டுமா? நாளைக்கு விடியறதுக்குள்ள கிளம்பணும், அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை நேர்ல கேட்டுக்கிட்டா தைரியமா இருக்கும்.

— வேணாம் தம்பி. அவருக்கு உடம்பு காயுது. மாத்திரை போட்டுப் படுக்க வெக்கப் போறேன். போனையும் அணைச்சு வெச்சிடுவேன். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க.

— அய்யோ, அப்படியா. அவரைப் பாத்துக்கோங்க அண்ணி. நான் தொந்தரவு பண்ணலை. ஒண்ணே ஒண்ணு மட்டும். உள்ளே என்ன வந்துச்சாம்? நானும் என் ஜோடியும் இங்கே மீசையண்ணன் நோட்ஸை வெச்சுக்கிட்டுத்தான் ஒருத்தருக்கொருத்தர் கேட்டுப் பழகிக்கிட்டிருக்கோம். அதுல இருக்கிறதுதான் வந்துச்சா, இல்லை மாத்திட்டாங்களா?

— ஒரு நிமிஷம் தம்பி, அடுப்பைப் பாத்துட்டு வரேன்.

— அண்ணி? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன் தம்பி. அதேதான் வந்துச்சாம். எதையும் மாத்தலையாம்.

— வலது என்ஜின்தானே அண்ணி?

— வலதுதான் தம்பி. எதிர்ல பாத்துப் படிச்சுக்கிட்டு நேரத்தை வீணாக்க வேணாம், யோசிக்காம கையை வெக்கணும்னு கேப்டன் உங்ககிட்ட சொல்லச் சொன்னார்.