கஜு போடாத கிண்ணம்

வட்டிலப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டிதான் வேண்டும், சேர். சீனி போட்டால் அந்த நிறம் வராது. முனாப் என் வீட்டைத் தேடி வந்ததே அதற்காகத்தான்.

அவன் வெளிநாட்டுக்காரர்களைக் கண்டி மார்க்கட்டில் சேர்த்து, கடை கடையாக நடத்திச் சாப்பிட வைத்து, கடைசியில் என் மேசைக்குக் கூட்டி வருவான். எதையும் முதலில் அவனே ஒரு வாய் தின்று காட்டுவான். அவர்களுக்குப் பயம் தெளியும். கஜு, அதுதான் முந்திரிப் பருப்பு, அது மட்டும் அவனுக்கு ஆகாது. ஒரு கலியாண வீட்டில் தெரியாமல் தின்று, தொண்டை அடைத்து, அரும்பொட்டில் பிழைத்தான். அதனால் அவனுக்கென்று கஜு போடாத கிண்ணம் ஒன்று தனியாக அவிப்பேன்.

என் மகள் அகீலா ஒன்பது வயதில் டெங்குக் காய்ச்சலில் மவுத்தானாள். கண்ணை மூடுமுன் ஆஸ்பத்திரியில் வட்டிலப்பம் கேட்டாள். காய்ச்சல் மாறட்டும் என்றேன். இதை ஒருநாள் முனாபிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு வட்டிலப்பம் மேசைக்கு வரும்போதெல்லாம் அவன் அதைச் சொன்னான். வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதார்கள். வேண்டாமென்று மூன்று தடவை சொன்னேன்.

"அழுதாத்தான் மாமி நல்லாத் திங்கிறாங்க," என்றான்.

கோபத்தில் செய்யவில்லை, சேர். அன்று காலை கஜுவை மாவாக அரைத்து, அவனுடைய கிண்ணத்தில் கலந்து அவித்தேன். அவன் வந்ததும், தொண்டை அடைத்தால் போட அவன் கொண்டுதிரியும் ஊசிமருந்துப் பையை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். வழக்கம்போல முதல் கரண்டியை அவன்தான் எடுத்தான். விருந்தாளிகள் பையைத் தேடினார்கள். நானும் சேர்ந்து தேடினேன்.

முனாப் மவுத்தான பிறகு, இப்போது லோஜினி என்ற பிள்ளை ஆட்களைக் கூட்டி வருகிறாள். அந்தக் கிண்ணத்தை என் கை இன்னும் தனியாகத்தான் வைக்கிறது. யாரும் தொடுவதில்லை. மேசையை ஒதுக்கும்போது அதில் ஒரு கரண்டி குறைந்திருக்கிறது. பயமாக இருக்கிறது, அதனால்தான் பொலிசுக்கு வந்தேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். லோஜினிக்கு முதலில் அகீலாவைப் பற்றித் தெரியாது. முதல் வாரம் வட்டிலப்பம் பாதி பாதியாகத் திரும்பி வந்தது. இரண்டாம் வாரம் அகீலா கேட்டதை நானே மேசையில் சொன்னேன். லோஜினி அதை அவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னாள். இப்போது கிண்ணங்கள் வழித்தெடுத்த மாதிரி வருகின்றன.

ஆனால் தாய் சொல்வது வேறுதானே, சேர்.