தோரணம் கட்டிய டிஸ்க்

ஹலோ... ஆமா, நில்டாதான். சொல்லுங்க டான் எவாரிஸ்டோ. நம்ம ரேடியோவுல மேயர் பேட்டியக் கேட்டுக்கிட்டு உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருக்கேன்... ஓ, நிலையத்துக் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போடறீங்களா? நீங்களேவா?... ஆமா, ஆமா. ரேடியோ நிலையத்து டைரக்டருக்குத் தெரியாததும் உண்டா.

எதுவரைக்கும் வந்திருக்கீங்க?... சரி, எந்த டிஸ்க்குன்னு கேக்குதா. எதக் காட்டினீங்க?... பெருசா இருந்ததையா! ஏன், டைரக்டர்னா பெருசுதான் வேணுமா?

இருங்க. எதையும் தொடாதீங்க. சின்னது புதுசு, காலி. பெருசுல என்ன இருக்கு?... அதேதான். நம்ம ஓருரோ ஊர் கார்னிவல் திருவிழாவுல பேண்டுக்காரங்க வாசிச்ச பதிவு மொத்தமும். பழைய டேப் நாடாவெல்லாம் பூஞ்சை புடிச்சுப் போச்சு, வேற பிரதி கிடையாது. அத மவுண்ட் பண்ற இடத்துல வெறும் ஒரு சாய்கோடு போட்டிருக்கா?... ம்ம். பக்கத்துல ஃபார்மேட்னு டிக் இருக்கா?... இருக்கு. பிரமாதம். லினக்ஸ் அதுலதான் குடியேறப் போகுது, வீட்டைச் சுத்தமாத் துடைச்சுட்டு.

பெருசைக் கழட்டி வச்சுட்டு ஆரம்பிங்கன்னு நான் அங்க டெக்னீஷியன் வேலைய விடுறப்பவே சொன்னேனா இல்லையா?... என்னது? தோரணமா?... கார்னிவல் செவ்வாக்கிழமை பூசைல டிஸ்க்கு, ஒயரு எல்லாத்து மேலயும் காகிதத் தோரணம் சுத்தினீங்க, ஞாயிறுக்கு முன்னால அவிழ்த்தா பூமித்தாய் கோவிச்சுக்குவா... அய்யா, எங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்கும்தான் தோரணம் கட்டியிருக்கேன். அதுக்காக ஞாயிறு வரைக்கும் அதத் தொறக்காமலா இருக்கேன்?

சரி, விடுங்க. பின்னால போங்க... போகலையா?... தானா முன்னால போகுதா? கீபோர்டுக்கு என்ன ஆச்சு?... பீரு! பூமித்தாய்க்குப் படைச்சத அதுக்கும் தெளிச்சீங்களா! என்டர் விட்டு விட்டு ஒட்டுது... அட ஆண்டவனே, தாயி குடிச்சாளோ இல்லையோ, கீபோர்டு நல்லாக் குடிச்சிருக்கு.

இப்ப திரையில என்ன?... 'மாற்றங்களை எழுதட்டுமா'ன்னு கேக்குதா? 'வேண்டாம்'லதானே நிக்குது?... டேப் கீயும் ஒட்டிக்கிட்டு ரெண்டுக்கும் நடுவுல தாவுதா! 'சரி'ல நிக்கிறப்ப என்டர் விழுந்தா எல்லாம் அழிஞ்சுடும்.

கீபோர்டு ஒயரைப் புடுங்குங்க. உடனே!... எதுன்னு தெரியலையா? தோரணத்துக்குள்ள எல்லா ஒயரும்... அப்ப சுவத்துல இருக்கிற பெரிய பிளக்கைப் புடுங்குங்க... ஆமா, ஒலிபரப்பும் நிலையத்து போனும் அதுலதான். நின்னா நிக்கட்டும்... மேயரா? அவர் அடுத்த தேர்தலுக்கு மறுபடி வருவார், இதையே மறுபடி பேசுவார். செத்துப்போன டிரம்பெட்காரன் எவனாவது வந்து மறுபடி வாசிப்பானா?

உங்க நாற்காலியப் பத்தி எனக்கென்ன கவலை!... புடுங்கிட்டேன்னு பொய் சொல்லாதீங்க, மேயர் இன்னும் இங்க சாக்கடைத் திட்டம் பேசிட்டிருக்கார். வெக்கமா இல்ல?... கெஞ்சறது எதுக்கு? குனியுங்க. கைய நீட்டுங்க. பிளக்கு ஒண்ணும் கடிக்காது... டான் எவாரிஸ்டோ! எங்கப்பா வாசிச்சதும் அதுலதான் இருக்கு. இழுங்கய்யா!

...

ஹலோ?... ஹலோ?

...ரேடியோவும் நின்னுடுச்சு. அப்பாடா.