எட்டுப் பேர் வேணும்

...குக்கர், டாக்டரம்மா. பிரஷர் குக்கர். ஆம்பளைங்களுக்கு முதல் பரிசு புது சைக்கிள். ரெண்டாம் பரிசு ஒரு ஜோடி பந்தயச் சக்கரம். பொம்பளைங்களுக்கு முதல் பரிசு ஆறு லிட்டர் குக்கர். இருபது கிலோமீட்டர் மூச்சு முட்ட மிதிச்சிட்டு வர்றவளுக்கு வீட்டு ஞாபகம் வரணும் பாருங்க, அதான். ரெண்டாம் பரிசு என்ன, குக்கரோட மூடியான்னு கேட்டேன். சைக்கிள் லீக் தலைவர் தோன் எவெலியோ சிரிச்சாரு. அவரு எதுக்கும் சிரிப்பாரு. நீங்க பல் டாக்டர், அந்தச் சிரிப்புல எது சொந்தப் பல்லு, எது வாங்கின பல்லுன்னு உங்களுக்கே தெரியும்.

ஏன் வெளியில நிக்கறீங்க, இந்தக் கூடாரத்துக்குள்ள வாங்க, தூறுது. சைக்கிள நான் பிடிச்சுக்கறேன். பரவால்ல, இருக்கட்டும். என் சைக்கிள் ஒரு கை, உங்க சைக்கிள் ஒரு கை. எங்கயும் போயிடாதீங்க, அவ்வளவுதான். நீங்கதான் எட்டாவது ஆள்.

அதெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லலையா? சொல்ல மாட்டாங்க. பொகோட்டாவிலிருந்து புதுசா வந்தவங்ககிட்ட இந்த ஊர் நல்ல விஷயம் மட்டும்தான் சொல்லும். போன வருஷம் இந்தப் பந்தயத்துல பொம்பளைங்க ஏழு பேர். ஏழு பேரும் முடிச்சோம். மறுவாரமே லீக்ல கூட்டம் போட்டுத் தீர்மானம். இந்த வருஷம் எட்டுப் பேர் ஓட்டணும், எட்டுப் பேரும் நாப்பது நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் பொம்பளைங்க பிரிவு அத்தோட சரி. அடுத்த வருஷத்திலிருந்து நாம ஓரமா நின்னு கை தட்டலாம், சோள அடை சுட்டுத் தரலாம்.

அறுபது வயசு தாண்டின ஆம்பளைங்களுக்கு ஒரு பிரிவு இருக்கே, அதுல எத்தனை பேர் தெரியுமா? மூணு. அதுல ஒருத்தர் போன தடவை பாதி வழியில சூப் குடிக்க இறங்கிட்டார். குடிச்சு முடிச்சு, வாயத் தொடச்சிட்டு வந்து மெடல் வாங்கினார். அந்தப் பிரிவு பாரம்பரியமாம். நாங்க செலவாம்.

ஒரு வருஷமா வீடு வீடா ஏறி இறங்கினேன், டாக்டரம்மா. வேலைநிறுத்தத்துக்கு ஆள் சேக்கறது சுலபம். சம்பளம் பத்தலன்னு எல்லாருக்கும் தெரியும். இறுக்கமா கால்சட்டை போட்டுக்கிட்டு நடுரோட்டுல குனிஞ்சு சைக்கிள் மிதிக்க ஆள் சேத்துப் பாருங்க. புருஷன் என்ன சொல்வான், மாமியார் என்ன சொல்வா, பாதிரியார் என்ன சொல்வார். ஏழு பேர் தேத்திட்டேன். எட்டாவதுக்கு நாயா அலைஞ்சேன். வியாழக்கிழமை லிஸ்ட்ல உங்க பேரப் பாத்தப்போ, முப்பது வருஷமா கோயில் பக்கமே போகாதவ, போய் ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.

கைக்கடிகாரத்தப் பாக்காதீங்க. நிறைய நேரம் இருக்கு. இப்பதான் மூணாம் நம்பர் மேடை ஏறுறா, அந்த மஞ்சச் சட்டை. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருத்தர்தான் விடுவாங்க. மேடையில ஒரு ஆள் பின்னாடி நின்னு சைக்கிள் சீட்டப் பிடிச்சுக்குவான், நேரம் வந்ததும் விட்டுடுவான். நான் ஏழு, நீங்க எட்டு. நான் கிளம்பறதப் பாத்துட்டு நீங்க நிதானமா மேடைக்கு வந்தாப் போதும். முன்னாடி யாரும் இல்ல, பக்கத்துல யாரும் இல்ல, நீங்களும் கடிகாரமும்தான். சுங்கச்சாவடி வரைக்கும் போய், நடுரோட்டுல ஒரு கூம்பு வச்சிருப்பாங்க, அதச் சுத்தித் திரும்பணும். திரும்பும்போது வலப்பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாத் தோட்டம் வரும். அங்க காத்து உங்களத் தூக்கும், குனிஞ்சுக்கோங்க. அங்க மூணு நாயும் இருக்கு. அதுங்க முதலாளியோட நாய், பழைய பழக்கம், பொம்பளைங்க சைக்கிள்ல போனா துரத்தும்.

அந்தத் தோட்டத்துலதான் இருபத்திரண்டு வருஷம் பூ வெட்டினேன். உபால்தினான்னு கேட்டாப் பழைய ஆளுங்க எல்லாம் சொல்வாங்க. கடிகாரத்தோட பந்தயம்னு நீங்கல்லாம் புதுசா சொல்றீங்க. நாங்க தினமும் காலையில அதத்தான் ஓட்டினோம். இருட்டுல, பனியில, அஞ்சு கிலோமீட்டர், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு, பின்னாடி சோத்து டப்பா கட்டிக்கிட்டு. கேட்டுல ஒரு கடிகாரம். ஆறு மணிக்கு அட்டை குத்தணும். ஆறு ஒண்ணு ஆச்சுன்னா அரை நாள் கூலி போச்சு. அரை நாள் கூலி போனாலும் வேலை முழு நாள்தான், அதுல தள்ளுபடி கிடையாது. ஒருநாள் மனோலான்னு ஒருத்தி, எட்டு மாசம் வயித்துல, பஞ்சராகி சைக்கிளத் தள்ளிக்கிட்டு ஓடி வந்தா. ஆறு ரெண்டு. சூப்பர்வைசர் அவ கண்ணு முன்னாடியே அட்டையக் கிழிச்சான்.

அன்னைக்கு எழுதினேன் முதல் நோட்டீஸ். நான் படிச்சது அஞ்சாம் கிளாஸ். மிச்சப் படிப்பெல்லாம் நோட்டீஸ்லதான். யூனியன்காரங்க குடுப்பாங்க, படிச்சுட்டு அதுலயே அரேபா, அதான் சோள அடை, மடிச்சு எடுத்துட்டுப் போவோம். பதினோரு நாள் வேலைநிறுத்தம். ரோஜா எல்லாம் பூத்துக் கொட்டிப்போச்சு. அந்த வருஷம் காதலர் தினத்துல அமெரிக்காவுல எத்தனையோ காதலர்கள் வெறுங்கையோட போய் நின்னிருப்பாங்க. என்ன ஜெயிச்சோம் தெரியுமா? அஞ்சு நிமிஷம். ஆறு மணி அஞ்சு நிமிஷம் வரைக்கும் மன்னிப்பு. சிரிக்காதீங்க. பதினோரு நாள் பட்டினி கிடந்து வாங்கின அஞ்சு நிமிஷம். அடுத்த மாசம் என்ன வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. அந்த அஞ்சு நிமிஷம் இன்னைக்கும் அங்க இருக்கு. நான்தான் இல்ல.

என்னது, ஸ்பீக்கரா? காதுல போட்டுக்காதீங்க. காலையிலேருந்து கத்திக்கிட்டே இருக்கான். பாதி நேரம் பன்றிக்கறிக் கடை விளம்பரம், மிச்ச நேரம் தோன் எவெலியோவுக்கு நன்றி. ரோடு போட்டது யாரு, தோன் எவெலியோ. மழை பெய்ய வச்சது யாரு, தோன் எவெலியோ.

எங்க விட்டேன்... வேலை போச்சு. கையில சைக்கிள் மட்டும் இருந்துச்சு. நாப்பத்தோரு வயசு. இதே ரோட்டுல பந்தயம்னு போர்டு பாத்தேன். அந்த ரப்பர் பூட்ஸோடயே வந்து நின்னேன். கூடைகூடக் கழட்டல. நம்பர் குத்திவிட்ட ஆள், ‘அம்மா, சந்தை அந்தப் பக்கம்’னான். கடைசியா வந்தேன். அதுக்கென்ன, கடைசியா வந்தாலும் வந்தேன்ல? தோட்டத்துப் பொம்பளைங்க வேலைய விட்டுட்டு வேலியோரம் வந்து தட்டத் தட்டினாங்க பாருங்க, அந்தச் சத்தத்துக்காகத்தான் பன்னெண்டு வருஷமா மிதிக்கறேன். குக்கருக்காக இல்ல.

ஏன் சட்டைய இழுக்கறீங்க? இருங்க, முக்கியமான இடமே இனிமேதான். அந்தா, குடை பிடிச்சுக்கிட்டு நிக்கறாளே, சிவப்பு ஜாக்கெட், அவதான் யோலிமா. தோன் எவெலியோவோட மச்சினி. இந்த வருஷம் அவ பேரே குடுக்கல, வேடிக்கை பாக்க வந்திருக்கா. அதுக்குக் காரணம் நான். முன்னாடியெல்லாம் இங்க என்ன வழக்கம் தெரியுமா? நேரத்துக்கு வரலன்னா கடைசியில விடுவாங்க, கடிகாரத்தப் புதுசா ஓட்டி. நல்ல மனசுக்காரங்கன்னு நினைச்சோம். யோலிமா மூணு வருஷம் தொடர்ந்து லேட்டு. ஒரு வருஷம் பஞ்சர், ஒரு வருஷம் தலைவலி, ஒரு வருஷம் நம்பர் துண்டு காணோம். மூணு வருஷமும் நாங்க கொட்டற மழையில போனோம், அவ மழை விட்டப்புறம் வெயில்ல போனா. மூணு குக்கர் வாங்கிட்டா. கடை வைக்கப் போறாளோ என்னவோ.

விடுவேனா? எழுதினேன். ‘நிறுத்துக் கடிகாரத்தின் முன் அனைவரும் சமம்’னு தலைப்பு. நல்லா இல்ல? பேர ஒரே தடவைதான் கூப்பிடணும். ஆள் வந்தாலும் வராட்டாலும் அவளோட கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடணும். மன்னிப்பு கிடையாது, சலுகை கிடையாது, சொந்தக்காரி கிடையாது. ஏழு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கி லீக் ஆபீஸ் வாசல்ல மூணு நாள் உக்காந்தேன். தோன் எவெலியோ சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு. ‘தோன்யா உபால்தினா, தோட்டத்துல மன்னிப்புக்குப் போராடினீங்க, இங்க மன்னிப்பு வேண்டாம்னு போராடறீங்களே’ன்னாரு. நான் சொன்னேன், ஐயா, அங்க மன்னிப்பு இல்லாதவங்களுக்கு வாங்கிக் குடுத்தேன், இங்க மன்னிப்ப மொத்தமா வச்சிருக்கறவங்ககிட்டேயிருந்து பிடுங்கறேன். பல்லு மட்டும் தெரிஞ்சுது.

ஏன் என் முதுகத் தட்டறீங்க? நம்பர் கிழிஞ்சிருக்கா? ஏழு. ஆமா, ஏழுதான், எனக்குத் தெரியும். நீங்க பதட்டப்படாதீங்க. முதல் பந்தயம்னா எல்லாருக்கும் அப்படித்தான். வெல்லத் தண்ணி சூடா வச்சிருக்கேன், ஒரு வாய் குடிங்க. நான் இந்த ரோட்ட நல்லா ஓட்டினா முப்பத்தேழரை நிமிஷம். அதுக்கு மேல என் காலு கேட்டதில்ல, நானும் கேட்டதில்ல. நாப்பதுக்குள்ள எனக்குக் கவலையே இல்ல. உங்களுக்கும் வராது, இந்த மாதிரி சைக்கிளுக்கு. மத்த ஆறு பேரும் பூ வெட்டின காலு. கவலையெல்லாம், எவளாவது ஒருத்தி கடைசி நேரத்துல பயந்து ஓடிடுவாளோன்னுதான். அதான் உங்க ஹேண்டில்பார விட மாட்டேங்கறேன், தப்பா நினைக்காதீங்க.

அட, ஏன் பிடுங்கறீங்க. டாக்டரம்மா. டாக்டரம்மா, எங்க போறீங்க? அந்தப் பக்கம் மேடை. நான் போகாம நீங்க எப்படிப் போக முடியும், ஏழு போனாத்தானே எட்டு...

ஏன் அவங்களுக்கு சீட்டப் பிடிக்கறான்? ஏய், அவங்க எட்டு.

எட்டு.

அப்போ ஏழு எங்க?

வழி விடுங்க. வழி விடுங்கன்னேன். பேரக் கூப்பிட்டீங்களா, தோன் எவெலியோ? ஒரே தடவை. ஆமா, ஒரே தடவைதான் கூப்பிடணும், எனக்குத் தெரியும், நான்தான் எழுதினேன். அந்தப் பேப்பர ஏன் எடுக்கறீங்க, என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியும். எவ்வளவு ஆச்சு? ரெண்டு நிமிஷம் பத்து செகண்டா? சரி. ஏறியாச்சு. வேடிக்கை பாக்காம சீட்டப் பிடிய்யா.

என்ன சொல்றீங்க? மெதுவா சொல்லுங்க, நாலு பேருக்குக் கேக்கட்டும். மழை பெய்யுது, கூடாரத்துல காது கேட்டிருக்காது, பாவம், கடிகாரத்தப் புதுசா ஓட்டிடலாம், யாருக்குத் தெரியப்போகுது. அவ்வளவு நல்ல மனசு. அங்க பாருங்க, உங்க மச்சினி குடைய மடக்கிட்டா. நல்லா பாக்கணும்ல. இப்போ நான் தலையாட்டினா அடுத்த வருஷம் அவளுக்கு மறுபடியும் தலைவலி வரும். தலையாட்டலன்னா, முப்பத்தேழரையோட இதயும், இங்க நின்னு பேசற செகண்டையும் கூட்டுங்க, நாப்பது தாண்டிடும், எட்டு ஏழாயிடும், அடுத்த வருஷம் பொம்பளைங்களே இல்ல. ரெண்டுல எது நடந்தாலும் உங்களுக்குச் சிரிப்புதான். இப்படி ஒரு முடிச்ச நீங்களே உக்காந்து யோசிச்சிருந்தாக்கூடப் போட்டிருக்க முடியாது. நான் போட்டுக் குடுத்திருக்கேன்.

இருபத்திரண்டு வருஷம் அந்தக் கேட்டுல ஒரு நாள் லேட்டாப் போனதில்ல ஐயா. எந்த முதலாளியாலயும் என் ரெண்டு நிமிஷத்த இவ்வளவு சுத்தமாத் திருட முடியல. என் வாய் திருடிடுச்சு.

பேப்பர உள்ள வைங்க. கடிகாரம் ஓடட்டும். எவ்வளவு இப்போ, ரெண்டு நாப்பதா? அப்போ பத்து செகண்ட் தேவைப்படுது, என் காலுகிட்ட இதுவரைக்கும் கேக்காத பத்து செகண்ட். கேட்டுப் பாக்கறேன். அந்தா டாக்டரம்மா போறாங்க பாருங்க, முதுகு இன்னும் தெரியுது. அவங்ககிட்ட கதையப் பாதியில விட்டுட்டேன், மனோலாவுக்கு என்ன பிள்ளை பிறந்துச்சுன்னுகூடச் சொல்லல. சுங்கச்சாவடிக்கு முன்னாடி பிடிச்சாகணும்.

சீட்ட விடுய்யா.