ஸ்பிரிங் டப்பாவைத் திறந்த நாள்

ஐயோ, எடுங்க சார் கையை! அந்த ஸ்குரூவைத் தொடாதீங்க. பழைய கிராமபோன் பாட்டுப் பெட்டிதானேன்னு நெனைச்சுட்டீங்களா? பேராவூரணியிலேருந்து கார்ல மடியில வச்சுக் கொண்டாந்தேன்னு வேற சொல்றீங்க. அடியில உருண்டையா இருக்கு பாருங்க, அந்த டப்பாவுக்குள்ள பதினஞ்சு அடி எஃகுப் பட்டை சுருண்டு கெடக்கு. கைப்பிடியச் சுத்தச் சுத்த அது இறுகும். சாவி, அதான் சுத்தி ஏத்தின முறுக்கு, முழுசா இறங்காம அதைக் கழட்டினா, ஆட்டுத்தோல உரிக்கிற மாதிரி ஆளை உரிச்சுப்புடும்.

இந்த மூஞ்சியைத்தானே பாக்குறீங்க? பாருங்க, பரவால்ல. இடது கண்ணு கிடையாது. கன்னத்துலேருந்து காது வரைக்கும் இருபத்தேழு தையல். எல்லாம் அந்தப் பட்டை பண்ணினதுதான்.

இல்ல சார், இப்ப நான் ஸ்பிரிங்கைத் தொடறதில்ல. அந்த வேலை என் சம்சாரம் எழில்மொழியோடது. மண்ணெண்ணெய் வாங்கப் போயிருக்கா, வந்துடுவா. உக்காருங்க.

பதினோரு வருசமாச்சு. அப்ப நான் கை நீட்டுற ஆளு சார். குடியெல்லாம் கிடையாது, தெளிவா இருந்துக்கிட்டே அடிப்பேன். ஒரு நாளு தரங்கம்பாடிக்காரர் ஒருத்தர் பெட்டி கொண்டாந்தாரு. தட்டு வேகமாச் சுத்துது, பாட்டு கீச்சுக் கீச்சுங்குது. பல்சக்கரம் தேஞ்சுபோச்சு, மாத்தணும்னேன். இவ எட்டிப் பாத்துட்டு, சக்கரம் நல்லாத்தான இருக்கு, வேகத்தக் கட்டுப்படுத்துற ஸ்குரூதான் லூசுன்னா. சொன்னதோட விடல, முடுக்கியும் விட்டா. பாட்டு அப்படியே சரியாயிடுச்சு. அந்தாளு என்னையப் பாத்துச் சிரிச்சாரு.

அவரு போனதும் ஷட்டரை இறக்கினேன். ஒடஞ்ச ஸ்பிரிங் துண்டு ஒண்ணு, முழ நீளம், கீழ கெடந்துச்சு. அதாலயே அவ முதுகுல விளாசினேன். ஜாக்கெட்டோட சேத்துக் கிழிச்சுது. நாலு அடி. அவ கத்தல. கத்தலையேன்னு அஞ்சாவது அடி. சிரிச்சது அந்தாளு, அடி வாங்கினது இவ.

மறுநாள் காலையில வேற ஒரு பெட்டி. முதுகுல ரத்தம் காஞ்ச ஜாக்கெட்டு ஒட்டிக்கிட்டிருக்க, அந்தப் பக்கம் உக்காந்து சக்கரம் தொடச்சிக்கிட்டிருந்தா. நான் டீ குடிச்சிட்டு வந்து, மோட்டாரைக் கவுத்துப்போட்டு ஸ்குரூவைக் கழட்டினேன். மூணாவது ஸ்குரூ கழண்டுச்சு பாருங்க, சக்கரம் விலகி டப்பா பம்பரமாச் சுத்துச்சு. மூடி தெறிச்சுப் போயி கூரைத் தகரத்துல அடிச்சுது. பட்டை வந்ததை நான் பாக்கல. சாக்கு கிழியிற மாதிரி சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் வாயெல்லாம் உப்பு. கையை வச்சுத் தடவுறேன், கண்ணு இருக்க வேண்டிய எடத்துல சூடா, கொழகொழன்னு.

யாரு காப்பாத்துனாங்கன்னா கேக்குறீங்க? அவதான். முந்தானையச் சுருட்டி மூஞ்சில அழுத்திக்கிட்டு ஆட்டோல ஏத்துனா. ஆஸ்பத்திரியில பத்து நாளு பக்கத்துலயே இருந்தா. அழுகவே இல்ல. போலீஸ்காரரு வந்து கேட்டாரு. கவனக்குறைவு, சாவிய இறக்காமக் கழட்டிட்டேன்னு சொன்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.

அதெப்படி, இத்தன வருச அனுபவத்துல சாவி இறக்க மறந்தீங்கன்னா கேக்குறீங்க?

மறக்கல சார். டீ குடிக்கக் கெளம்புறதுக்கு முன்னாடி நானே ஓடவிட்டு இறக்கினேன். தட்டு மெள்ள மெள்ள நின்னதை அப்ப இருந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். கால் மணி நேரம் கடையில இல்ல. அப்ப உள்ள இருந்தது அவ ஒருத்திதான்.

கேக்கல சார். எப்படிக் கேக்குறது? அவளும் சொன்னதில்ல. அதுக்கப்புறம் நான் கை நீட்டினதும் இல்ல. நீங்க திருந்திட்டீங்கன்னு சொல்லிடாதீங்க, எனக்கே அது தெரியாது. தெனமும் சோறு வச்சதும் நான் சும்மா தட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். என் தட்டுலேருந்து மொத வாயை அவ எடுத்துத் திம்பா, என்னையப் பாத்துக்கிட்டே. அப்புறந்தான் நான் கை வைப்பேன்.